‘ஆர்டர்’ என்பதை ஸ்பானிஷில் எழுதுவது எப்படி: சேலத்து ஏற்றுமதிக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும்

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் “ஆர்டர் வந்தாச்சு” என்றால் கொலுசுக்கு வேலை வந்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒருவர் அதையே சொன்னால் வேலை நியமனமோ இடமாற்றமோ வந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் “லா அண்ட் ஆர்டர்”, ஏற்காட்டு லாட்ஜ் லிஃப்டில் “அவுட் ஆஃப் ஆர்டர்”, ஓட்டலில் “ஆர்டர் எடுத்தாச்சா?”. தமிழில் பேசும்போது எந்த இடத்திலும் நமக்குக் குழப்பம் வருவதில்லை. ஸ்பானிஷில் ஒரு மெயில் எழுத உட்கார்ந்தால் வந்துவிடும். இந்த ஐந்துக்கும் அங்கே தனித்தனிச் சொல். ஆனால் அகராதியைத் திறந்ததும் கண்ணில் படுவது ‘ஓர்தென்’. ஒலியும் ஒத்துப்போகிறதே என்று எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடுகிறார்கள்.

கொலுசு, ஜவ்வரிசி, காபி, ஜவுளி என்று எதை ஸ்பானிஷ் பேசும் நாட்டுக்கு அனுப்பினாலும் முதல் கடிதத்திலேயே வரும் சொல் இது. ஸ்பானிஷ் படிக்கும் மாணவர்களுக்குத் தேர்விலும் வரும். எந்த ‘ஆர்டருக்கு’ எது என்று பிரிக்கும் வழி கீழே.

இதைப் படிக்கும் விதம்

ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஸ்பானிஷில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் மெல்லிய ‘த’ ஒலி, தமிழில் ‘அது’ என்று சொல்லும்போது வரும் அதே ஒலி. ஆகவே ‘பெதீதோ’ என்பதைத் தமிழ் வாசகர் இயல்பாக வாசித்தாலே உச்சரிப்பு ஏறக்குறைய சரியாக இருக்கும். அழுத்தமான ஒலி வரும் இடத்தில் ‘பிளாத்தா’ என்பதுபோல இரட்டித்து எழுதியிருக்கிறோம். ‘பத்து’, ‘அது’ இரண்டிலும் த எப்படி மாறுகிறதோ, அப்படியே வாசியுங்கள். சொல்லின் தொடக்கத்தில் மட்டும் இந்த வசதி இல்லை. ‘தெ’ என்று தனியாக வருவது ‘தெய்வம்’ என்பதில் உள்ள மெல்லிய த. ‘தொபியேரா’வின் முதல் எழுத்து ‘தொட்டில்’ என்பதில் உள்ள வல்லிய த.

உச்சரிப்பு லத்தீன் அமெரிக்க முறையில் இருக்கிறது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில ‘ஸ’ ஒலிகள் பல்லிடை நாக்கு வைத்துச் சொல்லும் ஒலியாக மாறும். எழுத்தில் வித்தியாசம் கிடையாது.

முதலில் தமிழில் பிரியுங்கள்

மொழிபெயர்க்க வேண்டிய ஆங்கிலத் தாளில் ‘ஆர்டர்’ வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்து எழுதுங்கள். சொல்லை மட்டும் எடுத்தால் போதாது, முழு வாக்கியமும் வேண்டும். பிறகு அந்த இடத்தில் ஆர்டரை நீக்கிவிட்டு நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ‘சரக்கு கேட்டிருக்கிறார்கள்’ என்று வருகிறதா? ‘உத்தரவு’ என்று வருகிறதா? ‘வரிசை’ அல்லது ‘ஒழுங்கு’ வருகிறதா? ‘பழுது’ என்றோ, வினையோடு ஒட்டும் ‘வாங்குவதற்கு’, ‘அனுப்புவதற்கு’ என்றோ வருகிறதா?

ஆங்கிலம் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருப்பதைத் தமிழ் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. ஸ்பானிஷும் ஏறத்தாழ அதே கோட்டில்தான் பிரிக்கிறது. அதனால் ஆங்கிலத்திலிருந்து நேராக ஸ்பானிஷுக்குத் தாவுவதைவிடத் தமிழ் அர்த்தத்தில் ஒரு நிமிடம் நின்று போவது நமக்குப் பாதுகாப்பு. சரக்கு என்றால் பெதீதோ. உத்தரவு என்றால் ‘லா’ (பெண்பால் பெயர்ச்சொல்லின் முன்னால் வரும் சின்னச் சொல்) போட்ட ஓர்தென். வரிசை, ஒழுங்கு என்றால் ‘எல்’ (ஆண்பாலுக்கு வரும் சொல்) போட்ட ஓர்தென். பழுது, ‘வாங்குவதற்கு’ இரண்டிலும் ஓர்தென் வாடையே கிடையாது.

சரக்கு ஆர்டர்: பெதீதோ

வியாபாரத்தில் பத்துக்கு எட்டு இடத்தில் வேண்டியது இந்தச் சொல்தான். ‘பெதீர்’ என்ற வினைக்கு, ஒன்றைத் தரும்படி கேட்பது என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘பெதீதோ’, ஆண்பால்: எல் பெதீதோ. பன்மை, லோஸ் பெதீதோஸ்.

ஆர்டர் கொடுப்பது ‘ஆஸேர் உன் பெதீதோ’. ஆர்டரை உறுதிசெய்வது ‘கொன்ஃபிர்மார் எல் பெதீதோ’. ரத்து செய்வது ‘கான்ஸெலார்’ அல்லது ‘அனுலார் எல் பெதீதோ’. குறைந்தபட்ச ஆர்டர் ‘பெதீதோ மீனிமோ’. சாம்பிள் பார்ப்பதற்காக வாங்குபவர் முதலில் போடும் சின்ன ஆர்டர் ‘பெதீதோ தெ ப்ருவேவா’. இன்னும் அனுப்பாமல் நிற்பவை ‘பெதீதோஸ் பெந்தியென்த்தெஸ்’. ஆர்டர் எண் ‘நூமெரோ தெ பெதீதோ’. எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற கெடுவுக்கு ‘பிளாஸோ தெ என்த்ரேகா’ என்று எழுத வேண்டும்.

இதில் ஒரு விலக்கு. பர்ச்சேஸ் ஆர்டர் எனப்படும் அந்தத் தாளுக்கு, கையெழுத்தும் எண்ணும் போட்ட ஆவணத்துக்கு, ‘ஓர்தென் தெ கொம்ப்ரா’ என்று பெயர். லத்தீன் அமெரிக்க நிறுவனங்களின் கடிதங்களில் இதுவே அதிகம் கண்ணில் படும். வாங்குபவர் கேட்ட சரக்கு பெதீதோ. அதற்காக அவர் அனுப்பும் தாள் ஓர்தென் தெ கொம்ப்ரா. வேலை உத்தரவுத் தாள் ‘ஓர்தென் தெ த்ரபாஹோ’, பணம் செலுத்தச் சொல்லும் தாள் ‘ஓர்தென் தெ பாகோ’. மூன்றிலும் உள்ளே இருப்பது ‘இதைச் செய்’ என்ற உத்தரவு. அதனால்தான் ஓர்தென் வருகிறது, அதுவும் பெண்பாலாக.

கொலுசுக்காரர்களுக்கு இன்னொரு சொல் அவசியம் தெரிந்திருக்க வேண்டும்: ‘என்கார்கோ’. கடையில் இருப்பதை வாங்காமல், மாடல் கொடுத்து, எடை சொல்லி, இத்தனை முத்து வைத்துச் செய்து கொடு என்று சொல்லிச் செய்விப்பது இது. செய்யக் கொடுப்பது ‘என்கார்கார்’. சொல்லிச் செய்த பொருள் ‘போர் என்கார்கோ’. பொருள் கையிருப்பில் இல்லை, கேட்டால் வரவழைத்தோ செய்தோ தருவோம் என்பதற்கு ஸ்பெயினில் ‘பாஹோ பெதீதோ’, மெக்சிகோவில் ‘ஸோப்ரெ பெதீதோ’.

பொருளின் பெயரிலும் ஒரு கண் வையுங்கள். கொலுசு ‘தொபியேரா’. ஆனால் கணுக்கால் சுளுக்குக்குப் போடும் பட்டைக்கும் அதே பெயர்தான். ஆகவே எப்போதும் ‘தொபியேராஸ் தெ பிளாத்தா’, அதாவது வெள்ளிக் கொலுசு என்று முழுதாக எழுதுங்கள். ஜோடிக் கணக்கென்றால் ‘பார்’, பன்மையில் ‘பாரெஸ்’. ஜவ்வரிசிக்கு ‘ஸகூ’ என்று அகராதி சொல்லும். அதை நம்பி எழுத வேண்டாம் என்பது நம் கருத்து. உண்மையான சேகோ ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுப்பது, சில நாடுகளில் ஸகூ என்பது வேறொரு கிழங்கின் மாவு. சேலம், ஆத்தூர்ப் பக்கம் செய்வது மரவள்ளி ஜவ்வரிசி. ‘பேர்லாஸ் தெ தப்பியோக்கா’ என்று எழுதினால் எந்த நாட்டிலும் புரியும். மரவள்ளியே தென்னமெரிக்காவிலிருந்து புறப்பட்டு வந்த பயிர் என்பதால் அதற்கு அங்கே ஊருக்கொரு பெயர். கொலம்பியா, மெக்சிகோ, மத்திய அமெரிக்காவில் ‘யூக்கா’, அர்ஜென்டினா, பராகுவேயில் ‘மந்தியோக்கா’. மரவள்ளி மாவுக்கு விலை கேட்டு வந்த மெயிலில் எந்தப் பெயர் இருந்ததோ, அதையே பதிலிலும் போடுவது மரியாதையும்கூட.

ஒரே ஓர்தென், இரண்டு பால்

மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் இது. ‘எல் ஓர்தென்’ என்றால் வரிசை, ஒழுங்கு. ‘லா ஓர்தென்’ என்றால் உத்தரவு. எழுத்து ஒன்றே, முன்னால் நிற்கும் சின்னச் சொல்தான் பொருளை மாற்றுகிறது.

ஆண்பால் பக்கம்: அகர வரிசையில் என்பது ‘போர் ஓர்தென் அல்ஃபபேத்திக்கோ’. அந்த வரிசையில், ‘என் ஏஸெ ஓர்தென்’. பொது அமைதி, ‘எல் ஓர்தென் பூப்ளிக்கோ’. நம் ஊர் ‘லா அண்ட் ஆர்டர்’ இதற்குள் அடங்கிவிடும். ஏறத்தாழ இவ்வளவு என்று தொகை சொல்வதற்கு ‘தெல் ஓர்தென் தெ’. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல், ‘எல் ஓர்தென் தெல் தீயா’. உயிரியலில் வகைப்பாட்டின் ஒரு படியாக வரும் ஆர்டரும் ஆண்பால்தான்.

பெண்பால் பக்கம்: நீதிமன்ற உத்தரவு ‘லா ஓர்தென் ஹுதிஸியால்’. மறு உத்தரவு வரும்வரை, ‘ஆஸ்தா நுவேவா ஓர்தென்’. டாக்டர் சொன்னபடி, ‘போர் ஓர்தென் தெல் மேதிக்கோ’. கிறிஸ்தவத் துறவற சபைகளும் பெண்பால்: ‘லா ஓர்தென்’. அதே சமயம் குருத்துவம் என்ற திருவருட்சாதனம் ஆண்பால். தேவாலயம் சார்ந்த தாள்களை மொழிபெயர்ப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

பால் தவறினால் தவறு அந்தச் சொல்லோடு நிற்காது. பின்னால் வரும் பெயரடையும் சேர்ந்து கெடும். ‘கையெழுத்திட்ட பர்ச்சேஸ் ஆர்டர்’ என்பது ‘லா ஓர்தென் தெ கொம்ப்ரா ஃபிர்மாதா’. ஓர்தென்னை ஆண்பாலாக நினைத்தவர் ‘ஃபிர்மாதோ’ என்று முடிப்பார். படிக்கிறவருக்கு அது, ‘அவள் வந்தான்’ என்று தமிழில் எழுதியதுபோலத் தெரியும்.

பன்மையில் ஒரு எழுத்துக் கவனம். ஒருமையில் ‘ஓர்தென்’ என்பதற்கு உச்சிக்கோடு கிடையாது. பன்மையான ‘ஓர்தெனெஸ்’ எழுதும்போது முதல் எழுத்தான ‘ஓ’வின் தலையில் சாய்கோடு கட்டாயம். அழுத்தம் முதல் அசையிலேயே நிற்கிறது என்பதற்கான அடையாளம் அது. கோட்டை விட்டால் அழுத்தம் நடு அசைக்கு நகர்ந்து, ‘நீ உத்தரவிட’ என்ற வினைவடிவமாகிவிடும். போன் கீபோர்டில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட எழுத்துகள் மேலே வரும்.

கீபோர்டு பேச்சு வந்ததால் இன்னொன்று. ‘ஓர்தெனார்’ என்றால் அடுக்குவது, உத்தரவிடுவது. அதன் ன எழுத்தின் மேல் ஒரு வளைகோடு விழுந்தால் ‘ஓர்தெஞார்’ ஆகிவிடும். அதற்குப் பொருள் பால் கறப்பது. ஸ்பானிஷ் கீபோர்டில் இரண்டு எழுத்துக்கும் தனித்தனிக் கட்டை இருப்பதால், பழகாத கை தவறிப்போவது சுலபம். ‘உங்கள் சரக்கை அடுக்கி வைத்துவிட்டோம்’ என்று எழுதப்போனவர் எங்கே போய் நிற்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கேள்’ என்பதில் உள்ள பள்ளம்

தமிழர்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ஆங்கிலம் வழியாகப் படித்தாலும் மனதுக்குள் ஓடுவது தமிழ்தானே. நமக்கு டீ கேட்பதும் வழி கேட்பதும் பாட்டு கேட்பதும் ஒரே ‘கேள்’. ஸ்பானிஷில் மூன்றும் வேறு. பொருள் கேட்பது ‘பெதீர்’. கேள்வி கேட்பது ‘ப்ரெகுன்த்தார்’. காதில் விழுவது ‘ஒயீர்’, கவனித்துக் கேட்பது ‘எஸ்குச்சார்’.

‘500 ஜோடி கேட்டிருக்கிறார்’ என்பதற்கு பெதீர் மட்டுமே வரும். ‘விலை என்ன என்று கேட்டார்’ என்பதற்கு ப்ரெகுன்த்தார். விலை விசாரித்தவரைப் பற்றி பெதீர் போட்டு எழுதினால், ஆர்டரே கொடுத்துவிட்டதாகப் படிக்கவும் இடமிருக்கிறது. விசாரணையையும் ஆர்டரையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு சண்டை போடுவதைவிட இந்த இரண்டு வினைகளை முதல் நாளே நெட்டுரு செய்துவிடலாம்.

பெதீர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வினை. நடுவில் உள்ள எ, நிகழ்காலத்தில் இ ஆகும்: ‘பீதோ’ நான் கேட்கிறேன், ‘பீதெ’ அவர் கேட்கிறார், ‘பீதென்’ அவர்கள் கேட்கிறார்கள். ‘பெதீமோஸ்’, அதாவது நாங்கள் கேட்கிறோம் என்பதில் எ அப்படியே இருக்கும். ஏற்காட்டுக்கு வரும் ஸ்பானிஷ் பேசும் பயணிகளுக்கு ஓட்டலில் ஆர்டர் எடுக்க, “கே வான் ஆ பெதீர்?” என்று பணிவோடு கேட்டால் போதும், ‘என்ன சொல்றீங்க?’ என்று நாம் கேட்பதற்குச் சமம். ஸ்பெயினில் ‘கே வான் ஆ தொமார்?’ என்பது இன்னும் சகஜம். சமையலறைக்குப் போகும் சீட்டு ‘கொமாந்தா’. மெக்சிகோவில் மட்டும் ‘ஒரு பிளேட்’ என்ற பொருளில் ‘உனா ஓர்தென் தெ தாக்கோஸ்’ என்று தாராளமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு ஸ்பெயின்காரரிடம் ‘ஓர்தென் தெ தோசை’ என்று சொல்ல வேண்டாம்.

ஓர்தென் வரவே கூடாத இடங்கள்

மெஷின் ஓடவில்லை என்றால் ‘நோ ஃபுன்ஸியோனா’. எந்த நாட்டிலும் செல்லும். கதவில் ஒட்டும் போர்டுக்கு இதுவே போதும். லிஃப்ட், ஏ.டி.எம். போன்ற பொதுச் சேவை என்றால் ‘ஃபுவேரா தெ ஸெர்வீஸியோ’. கெட்டுப்போயிற்று என்பதற்கு ஸ்பெயினில் ‘அவெரியாதோ’, மெக்சிகோவில் ‘தெஸ்கொம்புவெஸ்தோ’, கொலம்பியாவில் ‘தஞாதோ’. பக்கங்கள் வரிசை மாறிக் கிடந்தால் அது பழுது இல்லை, ‘தெஸோர்தெனாதோ’. ஒருவர் பேசியது முறையில்லை என்றால் ‘ஃபுவேரா தெ லுகார்’. ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’ ஒன்றே.

‘இன் ஆர்டர் டு’ வந்தால் ‘பாரா’ போட்டு, பின்னால் வினையின் மூல வடிவத்தை வையுங்கள். வாங்குவதற்கு, ‘பாரா கொம்ப்ரார்’. இதில் ஒரு நிபந்தனை: இரண்டு செயலையும் செய்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். நாங்கள் அனுப்புகிறோம், அவர் பார்ப்பதற்கு என்று ஆள் மாறினால் ‘பாரா கே’ வரும், வினையும் விருப்பவடிவுக்கு (ஆங்கில இலக்கணத்தில் ‘ஸப்ஜங்க்டிவ்’) மாறும். ‘அவர் வாங்கும்படி’ என்பது ‘பாரா கே கொம்ப்ரெ’. தமிழில் ‘வாங்க’, ‘வாங்கும்படி’ என்று சொல்லும்போது உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் கை தானாகப் போகும்.

‘பேப்பர் எல்லாம் இன் ஆர்டர்’ என்று ஆடிட்டர் சொல்வது ‘என் ரேக்லா’. கொங்கு நாட்டு ரேக்ளா வண்டியை நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது. ‘என் ஓர்தென்’ என்றால் தாள்கள் அடுக்காக இருக்கின்றன என்று பொருள். சட்டப்படி சரியாக இருக்கின்றன என்பதற்கு ‘என் ரேக்லா’தான் வலுவானது. மணி ஆர்டர் ‘ஹீரோ போஸ்தால்’. ‘டால் ஆர்டர்’, அதாவது ரொம்ப அதிகமாகக் கேட்கிறீர்கள் என்பது ‘எஸ் மூச்சோ பெதீர்’.

நம் ஊர் ஆங்கிலத்துக்கே உரிய ‘அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்’ எந்த அகராதியிலும் நேராகக் கிடைக்காது. அது ‘நொம்ப்ரமியென்த்தோ’, நியமனம். அரசாணையை ஓர்தென் என்று மட்டும் எழுதினால் பொருள் தெளிவாகாது. அதன் தன்மையைப் பொறுத்து ‘ரெஸொலுஸியோன்’ அல்லது ‘தெக்ரேத்தோ’ என்று எழுதுவார்கள். விசாவுக்கோ வழக்குக்கோ போகும் தாள் என்றால் நீங்களே மொழிபெயர்த்துக் கொடுக்காதீர்கள். அந்தத் தூதரகம் ஏற்கும் அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போங்கள்.

ஒரு கடிதத்தில் வைத்துப் பார்ப்போம்

கொலுசு வாங்கும் மெக்சிகோ கடைக்காரர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆர்டர் கிடைத்தது. வேலையைத் தொடங்குவதற்கு (இன் ஆர்டர் டு) கையெழுத்திட்ட பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டும். கொலுசு ‘மேட் டு ஆர்டர்’. பேப்பர் எல்லாம் ‘இன் ஆர்டர்’. மெஷின் ‘அவுட் ஆஃப் ஆர்டர்’. ஆங்கிலத்தில் ஆறு ஆர்டர். ஸ்பானிஷில்:

ஏமோஸ் ரெஸிபீதோ ஸு பெதீதோ.
பாரா எம்பெஸார் எல் த்ரபாஹோ, நெஸெஸித்தாமோஸ் லா ஓர்தென் தெ கொம்ப்ரா ஃபிர்மாதா.
லாஸ் தொபியேராஸ் ஸெ ஆஸென் போர் என்கார்கோ.
லோஸ் தொக்குமென்த்தோஸ் எஸ்தான் என் ரேக்லா.
லா மாக்கினா எஸ்தா தெஸ்கொம்புவெஸ்தா.

ஓர்தென் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. மெஷின் பெண்பால் என்பதால் கடைசிச் சொல் ‘தா’வில் முடிகிறது. முதல் வரியில் உள்ள ‘ஸு’, ‘உங்கள்’ என்று மரியாதையோடு சொல்வது. வியாபாரக் கடிதத்தில் ‘நீ’ வடிவமான ‘து’ வேண்டாம். அவர்களாக அப்படி எழுதத் தொடங்கினால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இந்த ‘ஸு’வுக்கு ‘அவருடைய’ என்றும் பொருள் உண்டு. மூன்றாவது ஆள் ஒருவரும் கடிதத்தில் இருந்தால் ‘எல் பெதீதோ தெ உஸ்தேத்’, உங்களுடைய ஆர்டர், என்று விரித்து எழுதுங்கள்.

எங்கே தவறுகிறது, எப்படிச் சரிபார்ப்பது

மெஷின் மொழிபெயர்ப்பு இப்போது முழு வாக்கியம் கொடுத்தால் பெரும்பாலும் பெதீதோவைச் சரியாகவே எடுத்துவிடுகிறது. தவறுவது எக்செல் தாளில். ஒரு கட்டத்தில் ‘ஆர்டர்’ என்று மட்டும் இருந்தால் அது சரக்கா, வரிசை எண்ணா என்று மெஷினுக்குத் தெரிய வழியில்லை. தலைப்புகளை மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன் ‘கஸ்டமர்ஸ் ஆர்டர் ஃபார் கூட்ஸ்’, ‘சீரியல் ஆர்டர்’ என்று விரித்துக் கொடுத்துவிட்டு, வந்ததை நீங்கள் சுருக்கிக்கொள்ளுங்கள். தமிழ்க் கடிதத்தையே நேராகக் கொடுப்பதாக இருந்தால் ‘கேட்டார்’ வரும் இடங்களை மட்டும் தனியாகப் பாருங்கள்.

பால் சந்தேகத்துக்கு ஸ்பானிய ராயல் அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1713-இல் தொடங்கிய அமைப்பு அது. ஓர்தென் என்று தேடினால் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஆண்பாலா பெண்பாலா என்று ஓரெழுத்துக் குறி இருக்கும். முதல் வரியோடு நிறுத்தாமல் கீழே வரை படியுங்கள். எந்த நாட்டில் எது வழக்கு என்று அறிய, தொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டு அந்த நாட்டு இணைய முகவரிகளுக்குள் மட்டும் தேடுங்கள். மெக்சிகோக் கடைகளின் பக்கங்களில் ‘ஸோப்ரெ பெதீதோ’ எத்தனை இடத்தில் கிடைக்கிறது என்று பார்த்தாலே சந்தேகம் தீர்ந்துவிடும்.

கொலம்பியாவிலிருந்து பேசுபவர் போனில் “ஆ லா ஓர்தென்” என்று முடித்தால் ஆர்டர் கொடுத்துவிட்டார் என்று பட்டறையை முடுக்கிவிட வேண்டாம். ‘சொல்லுங்க, என்ன வேணும்’ அல்லது ‘பரவாயில்லைங்க’ என்ற உபசாரப் பேச்சு அது. காசோலையிலும் கப்பல் ரசீதிலும் அதே ‘ஆ லா ஓர்தென்’ வந்தால் மட்டும் ‘இன்னாரின் பெயருக்கு, அவர் சொல்பவருக்கு’ என்ற சட்டப் பொருள்.

சொல் எல்லாம் சரியாக வந்த பிறகும் எண்ணில் அடிபடலாம். ஸ்பெயின், அர்ஜென்டினா, கொலம்பியா, சிலி நாட்டுத் தாள்களில் தசமத்துக்குக் காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. அங்கிருந்து வரும் ஆர்டரில் 1.500 என்றிருந்தால் அது ஆயிரத்து ஐந்நூறு, ஒன்றரை இல்லை. மெக்சிகோவில் நம்மைப்போலவே தசமத்துக்குப் புள்ளி. லட்சம், கோடி அங்கே கிடையாது. ‘பில்யோன்’ என்றால் லட்சம் கோடி, ஆங்கிலப் பில்லியனின் ஆயிரம் மடங்கு.

ஏற்காட்டுக் காபிக்கு விலை பேசுபவர்கள் ‘கின்த்தால்’ என்ற சொல்லில் நின்று நிதானித்துப் படியுங்கள். நம் மண்டியில் குவிண்டால் 100 கிலோ. மத்திய அமெரிக்கக் காபி வியாபாரத்தில் கின்த்தால் 46 கிலோ. கொலம்பியாவின் ஏற்றுமதி மூட்டை 70 கிலோ. பெதீதோவில் அளவை எப்போதும் கிலோவிலேயே எழுதி, எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தாலும் ஒருமுறை எழுதிவிடுங்கள்.